கௌசிகா நதிக்கரையில் பறவைகளுக்கு உகந்த பூங்கா வேண்டி அளிக்கும் கோரிக்கை மனு

விருதுநகர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, இந்நகரில் பறவைகளை நோக்கிப் பதிவு செய்துவரும் எங்கள் சங்கத்தின் அங்கத்தினர்கள் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தின்படி பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்.

விருதுநகரைத் தொட்டு ஓடிக் குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் சென்று சேரும் கௌசிகா நதி, இன்று சாக்கடை நீரையும் ஆகாயத்தாமரையையும் சுமந்துகொண்டு, தன் பெயருக்கே பொருந்தாத நிலையில் இருப்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஒரு துளியும் நதியில் கலவாதபடி தடுத்து, அதன் கரையில் ஒரு பூங்கா அமைத்துத் தரவேண்டும் என்பதே எங்கள் பிரதான கோரிக்கை.

அப்பூங்கா எவ்விதம் அமையவேண்டும் என்பதில் எங்களுக்கு மிகுந்த கவலை உண்டு. சங்குவளை நாரை இரை பிடிப்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்வையிடவேண்டும். முழங்கால் ஆழமும் இல்லாத ஓர நீரில், அலகைச் சற்றே திறந்து அமிழ்த்தி, தலையை இடமும் வலமும் அசைத்தவாறே அது மெல்ல நடக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் கவ்விக்கொள்ளும். ஆதலால் சரிவான மண்கரையும் ஆழமற்ற நீருமே அதற்கு ஆதாரம். அழகுபடுத்துவதாக எண்ணி இருகரையிலும் கல் பதித்துச் சுவர் எழுப்பிவிட்டால், நடைபாதையும் அலங்கார விளக்கும் மிஞ்சும், நாரை வராது. கரையை மண்ணாகவே விட்டுவைத்து, இரவில் கண்கூசும் விளக்குகளைத் தவிர்த்து, சற்றுத் தள்ளி ஒரு பார்வை மேடை மட்டும் கட்டித் தந்தால் போதும்.

மத்திய ஆசியாவிலிருந்து வந்து நமது கம்பு, சோளக் காடுகளில் மேய்ந்து, அந்தியில் சீமைக்கருவேல முட்புதர்களில் கூட்டங்கூட்டமாக அடையும் சூறைக்குருவிகளை உத்தேசித்து, அப்புதர்களை ஒரேயடியாக அழிக்காமல், நாட்டுக் கருவேலமும் புங்கமும் வளர்ந்து நிழல்தரும் வரையில் பகுதி பகுதியாக அகற்றவேண்டுகிறோம்.

பட்டாசுத் தொழில் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களின் ஜீவனோபாயம். எங்கள் அங்கத்தினரிலும் அத்தொழிலால் வாழும் குடும்பத்தினர் உளர். அதற்கு விரோதமாக இம்மனுவில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் தீபாவளியும், வலசைப் பறவைகள் வந்து இறங்கும் வடகிழக்குப் பருவமும் ஒன்றாகவே வருவதால், பூங்காவையும் நீர்த்தேக்கத்தையும் ஒட்டிய பகுதியில் மட்டும் வெடி வெடிப்பதைத் தவிர்க்க உத்தரவிடக் கோருகிறோம். சிவகங்கை மாவட்டத்தில், 1977ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், எவருடைய நிர்ப்பந்தமுமின்றிப் பல தலைமுறைகளாக வெடியில்லாத் தீபாவளி கொண்டாடி வருகின்றனர். வனத்துறையார் அவர்களுக்கு இனிப்பு வழங்கிக் கௌரவிக்கின்றனர். அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும்.

வனத்துறையார் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கௌசிகா நதிக்கரையையும் சேர்த்து, நகரின் பள்ளி மாணவர்களை அதில் பங்குகொள்ளச் செய்யவும் வேண்டுகிறோம். பறவைகளை இனங்காட்டிக் கற்பிக்கும் பொறுப்பை எங்கள் சங்கமே ஊதியமின்றி ஏற்கும். வரும் ஐப்பசிக்கு முன்பாகத் தாங்கள் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுடன் நதிக்கரையைப் பார்வையிட்டு, தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்