இரண்டு பேருக்கும் ஆயுதம் கொடுப்பவன் யாருக்கு நண்பன்?

ராணுவ உதவி என்ற வார்த்தை பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. உதவி என்றால் என்ன என்பது உழைக்கும் மக்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் ஒரு படி அரிசி கொடுப்பது உதவி. ஓர் ஆலையில் வேலைநிறுத்தம் நடக்கும்போது மற்ற ஆலைத் தொழிலாளர்கள் உண்டியல் குலுக்கி நிதி அனுப்புவது உதவி. வரப்புத் தகராறில் நிற்கும் இரண்டு விவசாயிகளில் ஒருவனுக்கு அரிவாளும் மற்றவனுக்கு வேல்கம்பும் கொடுத்து, இருவரிடமும் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்ளும் பண்ணையாரின் செயலுக்கு உதவி என்று பெயர் சொல்ல முடியுமா?

இந்தியாவிடமும் பாகிஸ்தானிடமும் அமெரிக்க ஏகாதிபத்தியம் 70 ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் வியாபாரம் இதுதான். யார் கையில் எப்போது ஆயுதம் இருக்க வேண்டும், எப்போது அதைப் பிடுங்க வேண்டும் என்பதை வாஷிங்டன் தன் தேவையைப் பார்த்தே முடிவு செய்திருக்கிறது. இந்தக் கணக்கைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் தெரிந்துகொள்வது அவசியம்.

பேச்சு ஒன்று, நடந்தது ஒன்று

1954 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பாகிஸ்தானுக்கு ராணுவ உதவி அளிப்பதாக அறிவித்தார். மே மாதம் கராச்சியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டில் சீட்டோ என்ற ராணுவக் கூட்டிலும், 1955-ல் பாக்தாத் ஒப்பந்தத்திலும் பாகிஸ்தானைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஆயுதங்கள் கம்யூனிசத்தைத் தடுப்பதற்குத்தான், இந்தியாவுக்கு எதிராக இவை திரும்ப விடமாட்டோம் என்று ஐசனோவர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள், கவனிக்கிறோம் என்றும் அந்தக் கடிதத்திலேயே சொன்னார். நேரு மறுத்துவிட்டார். முதல் நாளிலேயே கடைக்காரன் இரண்டு வீட்டுக் கதவையும் தட்டினான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொடுத்ததற்கு விலை வாங்காமல் விட்டானா? பெஷாவரில் தளம் கிடைத்தது. 1960 மே 1-ந் தேதி, உலகத் தொழிலாளர் திருநாளன்று, அங்கிருந்து கிளம்பிய யூ-2 உளவு விமானம் சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானம் அமெரிக்காவினுடையது, எதிர்த்தாக்குதலுக்கு ஆளாகும் ஆபத்து பெஷாவர் ஜனங்களுக்கு!

1962-ல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. உடனே அமெரிக்க ஆயுதம் இந்தியாவுக்கும் வந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து 12 கோடி டாலர் பெறுமான ராணுவ உதவிக்கு ஏற்பாடு செய்தன. நேற்றுவரை நண்பனாயிருந்த பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் முணுமுணுத்தார்கள். யார் கேட்டார்கள்?

1965 செப்டம்பரில் ஐசனோவர் கொடுத்த வாக்குறுதியின் யோக்கியதை வெளிப்பட்டது. அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகளும் சேபர் ஜெட் விமானங்களும் இந்தியாவை நோக்கியே வந்தன. பஞ்சாபில் கேம்கரனுக்கு அருகே அசல் உத்தர் கிராமத்துக் கரும்பு வயல்களில் பாட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கி நொறுங்கின. பிடிபட்ட டாங்கிகளை நிறுத்திய இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது. வாக்குறுதி கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? போர் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு நாடுகளுக்கும் ராணுவ உதவியை நிறுத்தினார்கள். உதிரி பாகத்துக்கும் குண்டுக்கும் அமெரிக்காவையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்கு அடி பலமாக விழுந்தது.

இந்தியா வேறொரு கயிற்றில் கட்டுண்டிருந்தது. அது பி.எல். 480 கோதுமை. மழை பொய்த்த 1965, 1966-ம் ஆண்டுகளில் ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களைத் தவணை தவணையாகத்தான் விடுவித்தார். வியத்நாம் போரை நம் நாடு கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்க, 1966 ஜூனில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த ஒரு டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. ஒருவனுக்கு டாங்கியில் கயிறு, மற்றவனுக்குச் சோற்றில் கயிறு. இரண்டின் நுனியும் ஒரே கையில்!

சுற்றிச் சுற்றி அதே கதை

1971-ல் கிழக்கு வங்காள மக்களைப் பாகிஸ்தான் ராணுவ ஆட்சி வேட்டையாடியபோது நிக்சன் அந்த ஆட்சிக்கே துணை நின்றார். காரணம், சீனாவுடன் ரகசியமாகப் பேசுவதற்குப் பாகிஸ்தான் அவருக்குப் பாலமாக இருந்தது. டிசம்பரில் என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பி நம்மை மிரட்டினார். வங்க மக்களின் விடுதலையை அந்தக் கப்பலால் தடுக்க முடியவில்லை.

1979 ஏப்ரலில் அணுகுண்டு முயற்சியைக் காரணம் காட்டிப் பாகிஸ்தானுக்கு உதவி நிறுத்தப்பட்டது. அந்த டிசம்பரில் சோவியத் துருப்புகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் அணுகுண்டு மறந்துபோயிற்று. 1981-ல் ரீகன் சர்க்கார் 320 கோடி டாலர் உதவியும் 40 எப்-16 விமானங்களும் தருவதாக ஒப்புக்கொண்டது. சோவியத் துருப்புகள் 1989-ல் திரும்பிப் போயின. 1990-ல் அணுகுண்டு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது! உதவி மீண்டும் நின்றது. மேலும் வாங்குவதற்காகப் பாகிஸ்தான் பணம் கட்டியிருந்த 28 எப்-16 விமானங்களும் வரவில்லை. 1998-ல் ஏற்பட்ட சமரசப்படி பணத்தில் ஒரு பகுதி ரொக்கமாகவும், ஒரு பகுதி கோதுமை முதலிய பண்டங்களாகவும் திரும்பி வந்தது. விமானத்துக்குப் பணம் கட்டியவனுக்குக் கோதுமை மூட்டை!

2001-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவே போருக்கு இறங்கியதும் பாகிஸ்தான் மறுபடி வேண்டியவனாயிற்று. 2018-ல் மறுபடி வேண்டாதவனாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் காற்று இந்தியாவின் பக்கம் வீசியது. 2008-ல் அணுசக்தி உடன்பாடு வந்தது. அதை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் மத்திய சர்க்காருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டன. 2016-ல் இந்தியாவுக்கு 'முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி' என்ற பட்டம் சூட்டப்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்கப் போர்க்கப்பல்களும் விமானங்களும் நம் தளங்களில் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

கூட்டாளிக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2025 ஜூனில் டிரம்ப் பாகிஸ்தான் ராணுவத் தளபதிக்கு வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தார். ஆகஸ்டில், ருஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையும் சேர்த்து, இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டார். பாகிஸ்தானுக்கு 19 சதவீதம். திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. டில்லியில் பட்டம் வாங்கியவர்கள் ஒருவர். அடி வாங்கியவர்கள் பனியன் தொழிலாளர்கள். இத்தனைக்கும் பிறகு அக்டோபரில் டில்லி சர்க்கார் அமெரிக்காவுடன் 10 ஆண்டு ராணுவ ஒத்துழைப்புக்குக் கையெழுத்திட்டது.

லாபம் யாருக்கு?

எப்-16 விமானத்தைத் தயாரிக்கும் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி, 2019 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சியில், அதே குடும்பத்தைச் சேர்ந்த விமானத்துக்கு எப்-21 என்று பெயர் வைத்து இந்தியாவுக்கு விற்க முன்வந்தது. பாகிஸ்தானுக்கு எப்-16, அதைச் சமாளிக்க இந்தியாவுக்கு எப்-21! லாபத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. எல்லைக்கோட்டில் சாவது மட்டும் இரு நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளைகள்.

பகைவனிடம் ஆயுதம் இருக்கும்போது நாம் சும்மா இருக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோவியத் யூனியனும் ஆயுதம் கொடுத்ததே என்கிறார்கள். கொடுத்தது, மிக் விமானத்தை நாசிக்கிலேயே உற்பத்தி செய்யவும் வழி செய்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இரு நாட்டுத் தலைவர்களையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசவும் வைத்தது. ஆனால் 1968-ல் அதுவும் பாகிஸ்தானுக்கு ஆயுதம் விற்கச் சம்மதித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொடுப்பவர் யாராயினும், உதிரி பாகத்துக்காகப் பிறர் வாசலில் நிற்கும் நாடு தன் முடிவைத் தானே எடுக்க முடியாது. ஆவடித் தொழிலாளியின் உழைப்பில் உருவாகும் டாங்கிக்கு எந்த ஜனாதிபதியின் அனுமதியும் தேவையில்லை. பாதுகாப்பு அந்த வழியில் வர வேண்டும். பண்ணையார் கொடுக்கும் வேல்கம்பில் வராது.

பைசலாபாத் ஆலையிலும் கோயம்புத்தூர் ஆலையிலும் நூற்கப்படுவது ஒரே பஞ்சு. அங்கேயும் கூலி போதவில்லை, இங்கேயும் போதவில்லை. அங்கேயும் பட்ஜெட்டில் பீரங்கிக்குப் போன மிச்சம்தான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. அமெரிக்காவுடனான ராணுவ ஒப்பந்தங்களைக் கைவிட வேண்டும். நம் தளங்களை அந்நியப் படைகளுக்குத் திறந்துவிடக் கூடாது. பாகிஸ்தானுடன் உள்ள தகராறுகளை மூன்றாமவன் தயவின்றி நேரில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் கூலி உயர்வைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசுவோம். ஆலை வாயிலிலும் களத்து மேட்டிலும் இந்தக் குரல் எழும்பினால்தான் டில்லியின் காதில் விழும்.