செத்த கோழியைச் சொல்லச் சொல்லும் அரசே, எங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்!

 

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் வாளையாரில் லாரி டயருக்கு மருந்து அடிக்கிறார்கள். நாலு நாள் பேப்பரில் படம் வருகிறது. அதோடு சரி, மறந்துவிடுகிறார்கள். இதுக்குப் பேர்தான் முன்னெச்சரிக்கையா? நோயைச் சுமந்து வலசை வரும் பறவைகள் செக்போஸ்ட்டில் நின்று மருந்து அடித்துக்கொண்டா வருகின்றன?

இது வெறும் கோழிப் பிரச்சினை இல்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாபூரில் இந்தியாவிலேயே முதல் தடவையாக இந்த நோய் வந்தது. 2008-ல் மேற்கு வங்கத்தில் ஊர் ஊராகப் பரவி, 40 லட்சத்துக்கும் அதிகமான கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். அதில் பெரும்பகுதி ஏழைகள் கொல்லையில் வளர்த்த கோழி. 2014-லும், 2021-லும், 2024-லும் ஆலப்புழை வாத்துக்காரர்கள் அடிபட்டார்கள். 2021-ல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் இந்த நோய்க்குப் பலியானான். மனிதரில் இந்தியாவின் முதல் சாவு அது. 2025 மார்ச்சில் ஆந்திராவில் 2 வயதுக் குழந்தை போய்விட்டது. அமெரிக்காவில் 2024-ல் கறவை மாட்டுக்கே இது தொற்றி, பாலில் கிருமி கண்டார்கள். பறவையில் இருந்து மாட்டுக்கும் மனுசனுக்கும் தாவுகிற நோய் இது. முதலில் தாவுகிற இடம் எது? கோழியைக் கையால் தூக்குகிற நம்ம வீடுதான்.

"கோழி செத்தால் உடனே தகவல் கொடுங்கள்" என்கிறது அரசு. சரியான பேச்சு. நாங்களும் அதையேதான் சொல்கிறோம். ஆனால் சொன்னவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள அத்தனை கோழியையும் கொல்ல வேண்டும் என்பது விதி. கொன்ற கோழிக்கு இழப்பீடு உண்டு. ஆனால் தேசிய செயல்திட்டத்தின்படி, நோயால் தானாகவே செத்த கோழிக்குக் காசு கிடையாது. அதிகாரி வந்து கணக்கெடுக்கும்போது உயிரோடு நிற்கிற கோழிதான் கணக்கு. மாதிரி எடுத்து, போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் பாதிக் கூடு காலியாகிவிடும். தாமதம் செய்தது அதிகாரி. நட்டம் மட்டும் விவசாயிக்கு. என்ன நியாயம் இது?

இப்போது விவசாயி இடத்தில் இருந்து யோசியுங்கள். வீட்டில் இருபது கோழி. ரெண்டு செத்துவிட்டது. பார்ப்பதற்கு வெள்ளைக்கழிச்சல் மாதிரியே இருக்கிறது. கண்ணால் பார்த்து இது கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கால்நடை டாக்டராலேயே சொல்ல முடியாது. பரிசோதனை செய்தால்தான் தெரியும். சொன்னால் மிச்சப் பதினெட்டும் போகும், பக்கத்து வீட்டுக்காரன் கோழியும் போகும், ஊரே நம்மைத் திட்டும். சொல்லாமல் சந்தைக்குக் கொண்டுபோனால் கைக்கு நாலு காசு. எந்தக் கஷ்டப்பட்டவன் சொல்லுவான்? விவசாயி மறைக்கிறான் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். விவசாயி மறைக்கவில்லை ஐயா, உங்கள் சட்டம் அவனை மறைக்க வைக்கிறது!

அப்படி அவசரத்துக்கு விற்றால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவே சாட்சி. 1998-ல் அங்கே ஈப்போ பக்கம் பன்றி வளர்த்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. கொசுவால் வருகிற ஜப்பானியக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பன்றியோடு நோயும் லாரி ஏறித் தெற்கே போனது. 1999 மார்ச்சில்தான் அது பன்றியில் இருந்து மனிதருக்கு வந்த புதுக் கிருமி என்று கண்டுபிடித்தார்கள். அது பழந்தின்னி வௌவாலில் இருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நிப்பா! மொத்தம் 105 பேர் போய்விட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அதே நிப்பாதான் 2018-ல் கேரளத்தில் 17 உயிரைக் குடித்தது.

பன்றியும் சாகிறது, அதை வளர்ப்பவனும் சாகிறான் என்றால், மனுச டாக்டரும் மாட்டு டாக்டரும் முதல் வாரமே ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே நடக்கவில்லை. இங்கே நடக்குமா? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சலோடு போகிறவரிடம், "வீட்டில் கோழி செத்ததா?" என்று யாராவது கேட்கிறார்களா?

இன்னொரு அநியாயம் பாருங்கள். கம்பெனிக் கோழியைக் கூலிக்கு வளர்க்கிற விவசாயிகள் நம்ம பக்கத்தில் நிறையப் பேர். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது; ஷெட்டும் உழைப்பும் கரண்ட் பில்லும் நம்முடையது. நாளைக்குக் கோழியைக் கொன்றால் இழப்பீடு யாருக்கு? ஷெட் மாசக்கணக்கில் காலியாகக் கிடக்குமே, அந்தக் கூலி யார் தருவார்?

"வராத நோய்க்கு ஏன் இப்போதே சத்தம்?" என்று சிலர் கேட்கலாம். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது. 2006-ல் நவாபூரில் வந்த நோய்க்கு நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது. நோய் வராமலே நாம் நட்டப்பட்டோம். வந்தால் என்ன ஆகும்?

எனவே நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, ஊர் உயிருக்குக் காவல்:

1. கொன்ற கோழிக்கு மட்டுமல்ல, தகவல் சொன்ன நாளில் இருந்து செத்த கோழிக்கும் இழப்பீடு கொடு! சந்தை விலைக்குக் கொடு! 15 நாளில் கொடு!

2. பரிசோதனை முடிவு எத்தனை நாளில் வரும் என்று கெடு வை! கெடு தாண்டினால் அந்த நட்டம் அரசுடையது!

3. கால்நடை மருந்தகத்தில் காலிப் பணியிடம் வைக்காதே! கால்நடைத் துறைக்கு வரும் தகவல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்!

4. கோழியைக் கொன்று புதைக்கிற தொழிலாளிக்குக் கையுறை, முகக்கவசம், தடுப்பு மாத்திரை கொடு! நோய் கண்ட ஊரில் வீடு வீடாகக் காய்ச்சல் பார்!

5. கூலிக்கு வளர்க்கும் விவசாயியின் பங்கை இழப்பீட்டிலேயே தனியாக எழுது! தடைக் காலம் முழுக்கக் கடன் வட்டியை நிறுத்து! திரும்ப வளர்க்கக் குஞ்சு கொடு!

விவசாயிகளே! கேட்பதைக் கேட்போம், நம்ம பங்குக்குச் செய்வதையும் செய்வோம். கோழி கூட்டமாகச் செத்தால் 1962-க்குப் போன் போடுங்கள். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். வாய்க்காலிலும் குப்பைமேட்டிலும் வீசாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய்ப்பட்ட கோழியை அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் இந்தக் கிருமி பிழைக்காது. வதந்தியை நம்பி நம்ம வியாபாரத்தை நாமே கெடுக்க வேண்டாம்.

அடுத்த கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கையையும் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுத மறுத்தால் எழுந்து நின்று கேளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். கோழி வளர்ப்பது பெண்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள், அவர்களே பேசட்டும்.

கோழிக்கு விலை கொடுக்காத அரசு, நாளைக்கு மனுச உயிருக்கு விலை பேச வேண்டி வரும். அதற்கு முன்னால் திரள்வோம்!