சட்டத்தில் கோடு கிழிப்பது யார்?

சட்டம் போட்டுவிட்டால் முதலாளி அடங்கிவிடுவான் என்று சில நல்ல மனிதர்கள் நம்புகிறார்கள். எந்தச் சட்டம் வந்தாலும் ஏழைக்கு ஒன்றும் விடியாது என்று வேறு சிலர் கையை விரிக்கிறார்கள். இருவரும் தஞ்சை ஜில்லாவின் கதையைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1952 ஆகஸ்டில் ராஜாஜி சர்க்கார் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மனம் கனிந்தா கொண்டுவந்தது? தோழர் பி. சீனிவாசராவும் மற்றவர்களும் 1940களில் கிராமம் கிராமமாகக் கட்டிய விவசாய சங்கம் கொண்டுவர வைத்தது. பண்ணையாளுக்கு இன்ன அளவு நெல் கூலி, நினைத்தபோது நீக்கக்கூடாது என்றது சட்டம். ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நிலமுள்ளவர்களைத்தான் அது கட்டுப்படுத்தியது. பாதுகாப்பும் பண்ணையாளுக்குத்தான், அன்றாடக் கூலிக்கு இல்லை.

மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? சட்டத்தை நேருக்கு நேர் எதிர்த்தவர் சிலர். சுற்றிக்கொண்டு போனவர் பலர். பண்ணையாளை நிறுத்தினார்கள். அன்றாடக் கூலிக்கு ஆள் கூப்பிட்டார்கள். அதே வயல், அதே வரப்பு, குனிந்த முதுகும் அதே. மாறியது பெயர் மட்டும்! ஆனாலும் அந்தச் சட்டம் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். பரம்பரைப் பண்ணையடிமைத் தளை தளர்ந்தது. கூலியைப் பேசி வாங்கும் உழைப்பாளி எழுந்தான்.

நில உச்சவரம்பின் கதையும் இதுதான். 1961ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல் 15. நிலம் பினாமி பெயருக்கும் டிரஸ்ட் பெயருக்கும் போயிற்று. செத்தவன் பெயரில்கூடப் பட்டா இருந்தது என்று கிராமத்தில் சிரிப்பார்கள்.

இனி மில்லுக்கு வருவோம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்கிறது 1981ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். சங்கத்தார் 480ஐ எண்ணுமுன்பே முதலாளி எண்ணிவிடுகிறான். கணக்கில் அவன் கெட்டி! பதிலி என்றான், காண்ட்ராக்ட் என்றான். பிறகு கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' முளைத்தது. தூரத்துக் கிராமங்களில் தரகன் புகுந்தான். மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைபட்டு உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றான். அந்தப் பெண்கள் ரிஜிஸ்தரில் தொழிலாளிகள் அல்ல, அப்பரண்டீஸ்கள்! ஒரு சட்டத்தின் ஓட்டை வழியே உழைப்புச் சந்தையே புது வாய்க்கால் வெட்டிக்கொண்டது. பறிபோனது நிரந்தர வேலை மட்டுமா? அந்தப் பிள்ளைகளின் இளமையும்தான்.

ஆகவே சட்டத்தில் எண்ணை எங்கே வைப்பது என்பது வெறும் குமாஸ்தா வேலை அல்ல, வர்க்கப் போராட்டம். ஆலையை மூட, ஆட்குறைப்புச் செய்ய சர்க்காரிடம் அனுமதி பெறவேண்டும் என்ற விதி 1976ல் 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கு வந்தது. பின்னர் அந்த எண் 100 ஆக இறங்கியது. 2020ல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்பு அதை மறுபடி 300க்கு ஏற்றியது. 299 பேரோடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு மில்லிலும் எத்தனை பேர் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறார்கள்? சங்கத் தோழர்கள் இந்த மாதமே ரிஜிஸ்தரைக் கேட்கட்டும். ஹாஸ்டல் வாசலிலும் போய் நின்று கேட்கட்டும்.