‘அகியா’ மட்டும் தெரிந்தால் போதுமா?

ஜப்பானில் அடிமாட்டு விலைக்கு வீடு என்று வீடியோ வராத நாளில்லை. ‘அகியா’ என்றால் காலி வீடு, ‘எல்.டி.கே.’ என்றால் ஹாலும் சமையலறையும் சேர்ந்தது என்று பாடம் வேறு. 2023 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. வெளிநாட்டவர் நிலத்தோடு சேர்த்தே வாங்கலாம் என்பதும் உண்மைதான்.

ஆனால் ஐயா, சமையலறையைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாமே! கண்ணுக்குத் தெரியாததற்கு அல்லவா சொல் வேண்டும்?

‘சாய்கென்ச்சிகு ஃபுகா’ என்று ஒன்று இருக்கிறது. இடித்தால் மறுபடி கட்ட முடியாத மனை. பொதுவாக 4 மீட்டர் அகலச் சாலையை மனை 2 மீட்டராவது தொட வேண்டும் என்பது அங்குள்ள கட்டடச் சட்டம். சந்துக்குள் இருக்கும் பழைய வீடு பல சமயம் இதில் அடிபட்டுப் போகும். விலை ஏன் மலிவு என்று இப்போது புரிகிறதா? இந்தச் சொல்லை ஏன் எந்த வீடியோவிலும் முதலில் சொல்வதில்லை என்பதும் புரியும்.

‘ஷகுச்சி’ என்றால் வீடு மட்டும்தான் உங்களுடையது, அடிமனைக்கு வாடகை உண்டு. ‘க்யூ தைஷின்’ என்றால் 1981 ஜூனுக்கு முந்தைய நிலநடுக்க விதிப்படி கட்டியது. ‘தெட்சுகே’ முன்பணம்; நீங்கள் பின்வாங்கினால் போயே போச்சு.

தரகர் மூலம் வாங்கினால், ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்றவர் முக்கிய விவரங்களை எழுத்தில் தந்து விளக்கியாக வேண்டும். அதற்கு ‘ஜூயோ ஜிகோ செட்சுமே’ என்று பெயர். எல்லாம் ஜப்பானிய மொழியில்! தலையாட்டிக் கையெழுத்துப் போடவா எல்.டி.கே. படித்தீர்கள்?

வீடு வாங்கினால் விசாவும் கிடைக்காது.