என் பணத்தைப் பணமாகவே கொடு



பேத்திக்கு ஆன்லைனில் 1,480 ரூபாய்க்குப் பாவாடை சட்டை வாங்கினேன். பிரித்தால் தையல் விட்டுக் கிழிந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். பணம் வங்கிக்கு வரவில்லை. "உங்கள் வாலட்டில் சேர்த்துவிட்டோம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள்" என்று செய்திதான் வந்தது.

நான் கொடுத்தது ரூபாய். வாலட்டில் இருப்பதை வைத்துப் பாகூர் கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரை வாங்க முடியுமா? நம் பணத்தைத் தங்கள் கல்லாவில் பூட்டிக்கொண்டு, தங்களிடமே வாங்கச் சொல்கிறார்கள். கெடு தாண்டினால் அதுவும் போச்சு!

"சின்னத் தொகைதானே டீச்சர், விடுங்க" என்கிறீர்கள். நாம் விட்டுவிடுவோம் என்ற தைரியத்தில்தான் இதைச் செய்கிறார்கள்.

மனம் மாறித் திருப்பினால் அவர்கள் நிபந்தனைப்படிதான். குறையுள்ள பொருள் அப்படியல்ல. அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). ரசீதில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள்.

1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே கட்டணமில்லை.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: திருப்பும்போது 'வங்கிக் கணக்கு' என்பதையே அழுத்துங்கள். பொருளைப் படம் எடுத்து வையுங்கள். வாலட் என்றால் வாய்மூடி இருக்காதீர்கள்.

உங்கள் டீச்சர், பாகூர்