சிக்கனம் சொல்ல வராதீர்கள், போனஸைக் கொடுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அறிவுரை தொடங்கிவிடும். பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், தள்ளுபடியைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடன் வாங்கிக் கொண்டாடாதீர்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான், மாதக் கடைசியில் கையில் ஏதாவது மிஞ்சுகிறவர்களுக்கு.

நாங்கள் வேலை செய்வது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்புகளில். பெரும்பாலும் நம் மக்கள், அதிலும் பெண்கள். போன வருடம் நாங்களும் அதே அறிவுரையோடுதான் போனோம். பண்டிகைச் செலவை நோட்டில் எழுதச் சொன்னோம், எதைக் குறைக்கலாம் என்று பார்க்க. மூன்று பிள்ளைகளுக்குத் துணி, மாமியாருக்கு ஒரு புடவை, தனக்கு ஒன்று, கறி, இட்லி மாவு, எண்ணெய், கடலைமாவு, கொஞ்சம் பட்டாசு. அவ்வளவுதான். ஒரு அக்கா நோட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "நீயே அடி தம்பி. எந்தப் புள்ள துணிய அடிப்ப?" எங்களிடம் பதில் இல்லை.

அந்த நோட்டின் கடைசி வரியில் இருந்தது தண்டல். பத்தாயிரம் என்று பேசி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய் வட்டி சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், அந்தப் பணம் முழுசாக நம்மிடம் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள், வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். இன்னொன்றும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையே நூறு நாள் கிடையாது. ஐப்பசித் தண்டல் முடிவதற்குள் தை பிறந்துவிடும். அதற்கு இன்னொரு தண்டல். கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. தண்டல்காரர் வண்டி இன்றும் வாசலில்தான் நிற்கிறது.

"கொண்டாடாமல் இருந்தால் என்ன?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். தீபாவளி நம் பண்டிகையா என்ற விவாதம் தேவையானது, நாங்களும் செய்கிறோம். ஆனால் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டிலும் இதே நோட்டு, இதே தண்டல்தான். புதுத்துணி வேண்டாம் என்று சேரியைப் பார்த்துச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் பூ வைக்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1927 டிசம்பரில், மகாத்தில் கூடிய பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் உடையைப் பற்றித்தான் பேசினார்: சாதியை அடையாளம் காட்டும் உடுப்பை விடுங்கள், மற்றவர்களைப் போலப் புடவை கட்டுங்கள் என்று. இந்த வரலாறு உள்ள வீட்டில், வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைக்கு எடுக்கும் புதுச்சட்டையை ஊதாரித்தனம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

இனி வரவுப் பக்கத்துக்கு வருவோம். அறிவுரை சொல்பவர்கள் புரட்டாத பக்கம் அதுதான். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வைத்த கணக்கு இது: இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், ஆண்டில் 30 நாள் வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம், லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும். 2015 திருத்தப்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர்களுக்கு இது பொருந்தியது. 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். 7,000 என்றே வைத்தாலும் முழு ஆண்டுக்கு 84,000, அதில் 8.33 சதவீதம் ஏறத்தாழ 7,000 ரூபாய். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த விகிதத்தைக் குறைக்கவில்லை. அக்காவுக்கு இது ஒழுங்காக வந்திருந்தால் தண்டலின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

அரசுப் பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு அண்மை ஆண்டுகளில் 20 சதவீதம் அறிவிக்கிறார்கள். வரவேற்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் மட்டும் அதிகாரி "கம்பெனியில கேளு" என்கிறார், கம்பெனி மேஸ்திரி "பில் பாஸ் ஆகல" என்கிறார். சட்டப்படி வர வேண்டியது வராததால்தான் பண்டிகைக்கு முந்தின நாள் நம் அக்காக்கள் வீட்டு வாசல்களில் நின்று தீபாவளி காசு கேட்கிறார்கள். ஒரு வீட்டில் ஐம்பது ரூபாய், ஒரு வீட்டில் பழைய புடவை. கூலிக்குப் பதில் மிச்சச் சோறும் பழந்துணியும் கொடுத்த அதே ஏற்பாடு, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்திருக்கிறது.

நம் பக்கத் தவறையும் மறைக்க வேண்டாம். டாஸ்மாக்கில் போகும் பணம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அதையும் பெண்கள்தான் தண்டலாகக் கட்டுகிறார்கள். பதிவில்லாத ஆளிடம் தீபாவளிச் சீட்டுக் கட்டி ஏமாறுவதும் நடக்கிறது. இவற்றை நம் கூட்டங்களில் நாமே பேசுவோம். ஆனால் போனஸைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு அதைச் சாக்காகக் கொடுக்க மாட்டோம்.

பட்டியல் போடுவதென்றால் ஆடியிலேயே போடுவோம். அடையாள அட்டை, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகப் பக்கம், பிஎஃப் எண், இஎஸ்ஐ அட்டை எல்லாவற்றுக்கும் நகல். தனியாகப் போனால் நாளை முதல் வேலைக்கு வராதே என்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு நிறுவனத்துக்கு மனு கொடுப்போம். உள்ளாட்சி ஆணையருக்கும் தொழிலாளர் உதவி ஆணையருக்கும் நகல் கொடுத்து முத்திரை வாங்குவோம். உள்ளாட்சிகளிடம் நம் கோரிக்கை ஒன்றுதான்: போனஸ் கொடுத்ததற்குச் சான்று காட்டாத ஒப்பந்ததாரரின் பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்.

தீபாவளிக்கு மறுநாள் விடியலில் பட்டாசுக் குப்பையை அள்ள அந்த அக்கா உங்கள் தெருவில் நிற்பார். அன்றைய தண்டல் 100 ரூபாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார். அவருக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்க வேண்டாம். போனஸ் வந்ததா என்று கேளுங்கள். இல்லை என்றால் மனுவில் கையெழுத்துப் போட வாருங்கள்.

ஜெய்பீம்.