சித்திரப் படமென்றால் ஞாபகம் வேண்டாமா?

"சித்திரப் படந்தானே, அதற்கென்ன தொடர்ச்சி?" என்று கேட்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பிரட் பேர்ட் இயக்கிய 'த இன்கிரெடிபிள்ஸ்' 2004இல் வந்தது. 2018இல் வந்த இரண்டாம் பாகம், முதற்படம் நின்ற அதே கணத்தில், நிலத்தைப் பிளந்து வரும் அண்டர்மைனரோடு தொடங்குகிறது. பார்வையாளனின் 14 வருட ஞாபகத்தை நம்பித்தான் படைப்பாளி அப்படிச் செய்கிறார். அந்த ஞாபகம் கேள்வி கேட்டால் மட்டும் அது சிறுபிள்ளைத்தனமா?

இரசிகர்களின் குற்றச்சாட்டுகளெல்லாம் சரியென்று நான் வாதிட வரவில்லை. முதற்படத்தின் முடிவில் வீரர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டதே, மீண்டும் எப்படிச் சட்டவிரோதமாயினர் என்கிறார்கள் சிலர். இது அவசரப் பார்வை. ஒளிவு வாழ்க்கை முடிந்ததா என்று பொப் கேட்க, அதை அரசியல்வாதிகள் தீர்மானிக்கட்டும் என்றுதான் டிக்கர் சொல்கிறார்.

குழந்தை ஜெக்-ஜெக்கின் விடயம் வேறு. வீட்டில் விசித்திரங்கள் நடப்பதாகப் பிள்ளை பார்க்கும் கேரி தொலைபேசியில் விட்ட தகவல்களை முதற்படத்திலேயே ஹெலன் கேட்கிறாள். அவனைத் தூக்கிப் பறந்த சின்ட்ரோம் வானில் திணறுவதைக் குடும்பமே பார்க்கிறது. அதன்பின் மூன்று மாதம் கழிந்தும் அந்தத் தாய் எதையும் விசாரிக்கவில்லையாம்! தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்ற சமாதானம் கண்ணுக்குப் பொருந்தும், காதுக்குப் பொருந்தாது. தந்தை அச்சக்திகளைப் புதிதாய்க் கண்டு திகைக்கும் சிரிப்புக்காகத் தாயின் காதை அடைத்துவிட்டார்கள்.

முதற்படத்தைக் கவனமாகப் பார்த்தவனுக்கே இரண்டாவதை விசாரிக்கும் உரிமை உண்டு. அவனைக் கேலி செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.